மைதாவுக்குப் பதில் எந்த மாவு? பேக்கிங் தொடங்குபவர்களுக்கு ஒரு கடை வழிகாட்டி

மைதா இல்லாமல் கேக்கோ பிஸ்கட்டோ செய்யலாம் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் கடையிலேயே தடுமாறிவிடுகிறார்கள். சூப்பர் மார்க்கெட் அலமாரியில் கேழ்வரகு, கம்பு, தினை, ஓட்ஸ், பாதாம் என்று மாவுப் பொட்டலங்கள் வரிசை கட்டி நிற்கின்றன. சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடப்பட்ட 2023க்குப் பிறகு அந்த வரிசையில் புதிய பெயர்களும் சேர்ந்திருக்கின்றன. எல்லாம் மாவுதானே என்று ஒன்றை எடுத்து வந்து, மைதா இருந்த இடத்தில் அதே அளவு போட்டால், கேக் உப்பாமல் களியாக அமர்ந்துவிடும், அல்லது வில்லை போடும்போதே உதிர்ந்துவிடும். மாவின் பெயரையும் விலையையும் பார்ப்பதற்கு முன்னால், செய்யப்போகும் பண்டத்தில் மாவுக்கு என்ன வேலை என்று யோசித்துவிட்டால் இந்தச் சங்கடம் பெருமளவு தீரும். தமிழ்நாட்டுக் கடைகளில் கிடைக்கும் மாவுகளைக் கொண்டு அதை எப்படிச் செய்வது என்று கீழே படிப்படியாகப் பார்க்கலாம்.

முதல் படி: எதற்காக மாற்றுகிறீர்கள்?

மைதாவை மாற்ற நினைப்பவர்கள் இரண்டு வகையினர். ஒரு சாரார் தவிடு நீக்கிய வெள்ளை மாவைக் குறைத்துக்கொண்டு நார்ச்சத்துள்ள மாவுக்கு மாற விரும்புபவர்கள். மற்றொரு சாரார் சீலியாக் நோய் போன்ற காரணங்களுக்காக, குளூட்டன் என்ற கோதுமைப் புரதத்தைத் தொடவே கூடாது என்று மருத்துவர் சொல்லியிருப்பவர்கள். முதல் வகையினருக்கு வேலை எளிது. அவர்கள் கோதுமையை விட்டு விலக வேண்டியதில்லை; மைதாவில் ஒரு பங்கை வேறு மாவால் நிரப்பினால் போதும். மருத்துவக் காரணம் எதுவும் இல்லாதவர்கள் எடுத்த எடுப்பிலேயே குளூட்டன் அறவே இல்லாத கேக்கில் இறங்குவது, சிரமத்தை விலை கொடுத்து வாங்குவது என்றே சொல்வேன்.

இரண்டாம் வகையினர் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும். மைதா, ஆட்டா, ரவை, கோதுமைச் சேமியா, பார்லி ஆகிய எல்லாமே அவர்களுக்கு விலக்கு. சம்பா கோதுமை பழைய ரகம், அது ஒன்றும் செய்யாது என்று கடையில் சொல்வார்கள். அதிலும் குளூட்டன் உண்டு. கார பிஸ்கட்டில் சேர்க்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருப்பது வழக்கம் என்பதால் அந்த டப்பாவையும் திருப்பிப் படிக்க வேண்டும். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதிப்படி, குளூட்டன் இல்லாதது என்று அச்சிட்டு விற்கும் உணவில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. கேழ்வரகு இயல்பிலேயே குளூட்டன் இல்லாத தானியம்தான். ஆனால் சற்று முன் கோதுமை ஓடிய இயந்திரத்தில் அது அரைபட்டிருந்தால் அந்த வரம்பைத் தாண்டிவிடக் கூடும். ஆகவே சீலியாக் உள்ளவருக்காகச் செய்யும்போது மாவு மில் பக்கம் போகாமல், அந்த வாசகம் அச்சிட்ட பொட்டலத்தையே வாங்க வேண்டும்.

இரண்டாம் படி: என்ன செய்யப் போகிறீர்கள்?

கோதுமை மாவில் தண்ணீர் பட்டுப் பிசைந்ததும், அதிலுள்ள கிளையடின், குளூட்டெனின் என்ற இரண்டு புரதங்கள் சேர்ந்து இழுபடும் வலையாக மாறுகின்றன. பரோட்டா மாஸ்டர் மாவை வீசும்போது அது கிழியாமல் விரிவது இந்த வலையால்தான். பிரெட்டில் ஈஸ்ட் உண்டாக்கும் வாயுவைப் பிடித்து வைத்திருப்பதும் இதுவே. சிறுதானியம், அரிசி, பருப்பு, கொட்டை ஆகிய எந்த மாவிலும் இந்த வலை கிடையாது.

எல்லாப் பண்டத்துக்கும் அந்த வலை ஒரே அளவுக்குத் தேவைப்படுவதில்லை என்பதுதான் புதியவருக்கு நல்ல செய்தி. பிஸ்கட்டில் வெண்ணெயும் சர்க்கரையுமே பாதி வேலையைப் பார்த்துவிடுகின்றன. கொஞ்சம் உதிர்ந்தாலும் அது குறையாகத் தெரியாது. பிரவுனி, வாழைப்பழ கேக், மஃபின் போன்றவற்றில் முட்டையும் பழமும் கைகொடுக்கும். ஸ்பாஞ்ச் கேக் சற்றுக் கடினம். பிரெட்டோ முழுக்க முழுக்க அந்த வலையை நம்பி நிற்பது. எனவே மாற்று மாவில் பழகுகிறவர்கள் பிஸ்கட்டில் தொடங்கி இதே வரிசையில் முன்னேறுவது நல்லது. பிரெட் செய்துதான் ஆக வேண்டும் என்றால், மொத்த மாவில் கால் பங்குக்கு மேல் சிறுதானிய மாவைச் சேர்க்காதீர்கள்.

மூன்றாம் படி: செய்முறையில் உள்ள பெயரைக் கடைப் பெயராக மாற்றிக்கொள்ளுங்கள்

இணையத்தில் கிடைக்கும் செய்முறைகளில் பல பிரிட்டன் அல்லது அமெரிக்காவைச் சேர்ந்தவை. அங்கே பிளெய்ன் ஃபிளவர், ஆல் பர்ப்பஸ் ஃபிளவர் என்று எழுதியிருந்தால் நம் மைதாவை எடுத்துக்கொள்ளலாம். செல்ஃப் ரெய்சிங் ஃபிளவர் என்பது பேக்கிங் பவுடர் கலந்த மைதா. ஒரு கப் மைதாவில் ஒன்றரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடரும் கால் தேக்கரண்டி உப்பும் சேர்த்து நன்றாகச் சலித்தால் வீட்டிலேயே தயாராகிவிடும். கேக் ஃபிளவர் என்று இருந்தால், ஒரு கப் மைதாவிலிருந்து 2 மேசைக்கரண்டியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 2 மேசைக்கரண்டி கார்ன் ஃபிளவரைச் சேர்த்து இரண்டு மூன்று முறை சலிக்க வேண்டும். இலங்கைத் தமிழர் செய்முறைகளில் கோதுமை மா என்று இருப்பது பெரும்பாலும் நம் மைதாதான், ஆட்டா அல்ல. குரக்கன் மா என்பது கேழ்வரகு மாவு.

பணமும் பண்டமும் அதிகம் வீணாவது கார்ன் ஃபிளவர் விஷயத்தில்தான். நம் கடைகளில் அந்தப் பெயரில் விற்பது மக்காச்சோளத்திலிருந்து பிரித்தெடுத்த வெறும் மாவுச்சத்து. வெள்ளை வெளேரென்று இருக்கும். விரலிடுக்கில் வைத்து அழுத்தினால் கீச்சென்று ஓசை வரும். அமெரிக்கச் செய்முறையில் அதே பெயர், முழு மக்காச்சோளத்தை அரைத்த மஞ்சள் மாவைக் குறிக்கும். அதற்கு வடஇந்தியப் பொருள்கள் விற்கும் கடைகளில் மக்கி ஆட்டா என்று கேட்க வேண்டும். போதாக்குறைக்குத் தமிழ்ச் சமையல் குறிப்புகளில் சோள மாவு என்று எழுதுவது பெரும்பாலும் கார்ன் ஃபிளவரையே. ஆனால் அதே பெயரில் நம் நாட்டு வெள்ளைச் சோளத்தின் மாவும் விற்கிறது. பொட்டலத்தின் பின்புறம் உள்ள சத்து அட்டவணை இந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடும். 100 கிராமில் புரதம் ஏறத்தாழ ஒன்றுமில்லை என்றால் அது ஸ்டார்ச், அதாவது வெறும் மாவுச்சத்து. 8 முதல் 10 கிராம் வரை இருந்தால் முழுத் தானிய மாவு.

நான்காம் படி: கடையில் எதைப் பார்ப்பது

பொட்டலத்தின் முன்பக்கத்துப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்துக்குச் செல்லுங்கள். சேர்மானங்களை அளவில் அதிகமானது முதலில் வருமாறு அச்சிட வேண்டும் என்பது விதி. மல்டிகிரைன் ஆட்டா என்று பெரிய எழுத்தில் போட்ட பொட்டலத்தின் பட்டியலில் முதலில் கோதுமை இருக்கும்; மற்ற தானியங்கள் எல்லாம் சேர்ந்தே சிறு பங்குதான் இருக்கும். அது மோசமான மாவு அல்ல, ஆனால் சிறுதானிய கேக் செய்வதாக நினைத்து அதை வாங்குவதில் பொருளில்லை. சத்துமாவு பேக்கிங்கிற்கு ஒத்துவராது. வறுத்த தானியங்களும் பருப்புகளும் கலந்த அந்த மாவு ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொரு விதமாக இருப்பதால் அதை நம்பி ஓர் அளவு சொல்லவே முடியாது.

கேழ்வரகு மாவில் முளைகட்டியது, சாதாரணமானது என்று இரண்டு வகை உண்டு. குழந்தைகளுக்குக் கூழ் காய்ச்ச முளைகட்டியது நல்லது என்பதால் கேக்குக்கும் அதுவே மேல் என்று பலர் அதை எடுக்கிறார்கள். முளைக்கும்போது தானியத்தில் பெருகும் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைப்பவை. அதனால் கலவை நீர்த்து, கேக்கின் உட்புறம் வேகாததுபோல் பிசுபிசுக்கும். பேக்கிங்கிற்குச் சாதாரணக் கேழ்வரகு மாவையே வாங்குங்கள்.

அரிசி மாவிலும் இதே கதைதான். இடியாப்ப மாவும் கொழுக்கட்டை மாவும் பெரும்பாலும் வறுத்தோ பதப்படுத்தியோ வருபவை. புட்டு மாவு குறுணையாக இருக்கும். பேக்கிங்கிற்கு வறுக்காத, நைசான பச்சரிசி மாவு வேண்டும். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு சிட்டிகையைத் தேய்த்தால் முகப் பவுடர்போல் வழுக்க வேண்டும். நறநறவென்று பட்டால் வெந்த பிறகும் பிஸ்கட் அப்படியேதான் பல்லில் படும்.

மில்லில் அரைத்துக்கொள்வது புதிய மாவுக்கும் சிக்கனத்துக்கும் ஏற்ற வழி. தானியத்தைக் களைந்து நன்றாகக் காய வைத்து எடுத்துச் செல்லுங்கள். ஈரம் இருந்தால் மிஷினும் அடைக்கும், மாவும் பூசணம் பிடிக்கும். மிளகாய், மல்லிக்குப் பெரும்பாலும் தனி மிஷின் இருக்கும். ஆனால் மாவு மிஷினில் கோதுமை, அரிசி, கேழ்வரகு எல்லாம் மாறி மாறித்தான் ஓடும். முன்னால் என்ன அரைத்தார்கள் என்று கேட்டுவிட்டு, முதலில் விழும் ஒரு கைப்பிடி மாவை ஒதுக்கிவிடச் சொல்லுங்கள். "அண்ணே, கேக்குக்கு, நல்லா நைசா வேணும்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அடைக்கும் களிக்கும் ஏற்ற பதத்தில்தான் கிடைக்கும். மாவு சூடாகவே வந்து விழும். தூக்கை மூடி எடுத்து வந்தாலும், வீட்டுக்கு வந்தவுடன் சுத்தமான வெள்ளைத் துணியில் பரப்பி முழுவதும் ஆறவிட்டு, மெல்லிய சல்லடையில் சலித்த பிறகே டப்பாவில் அடைக்க வேண்டும்.

ஐந்தாம் படி: மாவுக்கு மாவு மாற்றுவது

முதலில் ஆட்டா. மைதாவைவிட ஆட்டாவில் புரதம் சற்றுக் கூடுதலாக இருக்கும். அதற்காக அது இன்னும் நன்றாக உப்பும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அதிலுள்ள தவிட்டுத் துகள்கள் குளூட்டன் வலையை ஆங்காங்கே அறுத்துவிடுகின்றன. கல்லில் அரைபடுவதால் மாவுச்சத்து மணிகள் சிதைந்து, அது தண்ணீரையும் அதிகம் குடிக்கும். சப்பாத்திக்கு அது வரப்பிரசாதம், கேக்குக்கு இடைஞ்சல். மைதாவுக்குப் பதில் முழுவதும் ஆட்டா போடும்போது ஒரு கப்புக்கு 2 மேசைக்கரண்டி பால் கூடுதலாக ஊற்றுங்கள். மாவைச் சேர்த்த பிறகு கரண்டியால் மெதுவாகப் புரட்டிக் கலப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வாழைப்பழ கேக், கேரட் கேக், பேரீச்சம்பழ கேக் ஆகியவற்றில் முழு ஆட்டாவே நன்றாகப் பொருந்தும். வெண்ணிலா ஸ்பாஞ்சுக்குப் பாதி ஆட்டா, பாதி மைதாவே மேல்.

கேழ்வரகுக்குச் சாக்லேட்டைப் போன்ற கூட்டாளி கிடையாது. இரண்டும் ஒரே நிறம்; கேழ்வரகின் மண்வாசனை கோகோவின் கசப்புக்குள் அடங்கிவிடும், வெல்லமோ நாட்டுச் சர்க்கரையோ இரண்டையும் இணைத்துவிடும். கேக்கில் பாதி கேழ்வரகு, பாதி ஆட்டா என்பது தவறாமல் வரும் அளவு. கேழ்வரகு மாவு மெதுவாகத்தான் ஈரத்தை உறிஞ்சும் என்பதால், செய்முறையில் உள்ள பாலைச் சூடாக்கி மாவின்மேல் ஊற்றி, 20 நிமிடம் ஊறவிட்டு, ஆறிய பிறகு மற்றவற்றோடு கலப்பது நல்லது. இதைச் செய்யாத கேக்கில் மணல் போன்ற ஒரு நறநறப்பு இருக்கும்; கேழ்வரகு கேக் பிடிக்காது என்று சொல்பவர்களில் பலர் அந்த நறநறப்பைத்தான் சொல்கிறார்கள். வெண்ணெய் பிஸ்கட்டுக்கு முழுக் கேழ்வரகே போதும்.

வெள்ளைச் சோளமும் தினையும் சுவையில் சாதுவானவை, வெளிர் நிறமானவை. வெண்ணிலா, ஏலக்காய், ஆரஞ்சு மணங்களோடு ஒத்துப்போகும். சிறுதானிய மாவில் ஒன்றே ஒன்றுதான் வாங்குவேன் என்பவருக்கு நான் சோளத்தைச் சொல்வேன். கம்பு மாவில் கொழுப்பு அதிகம். அரைத்த சில நாட்களிலேயே அது சிக்கு வாடை பிடித்துக் கசந்துவிடும் என்பதால், வாங்கிய மாவை நாக்கு நுனியில் ஒரு சிட்டிகை வைத்துப் பார்க்காமல் கலவையில் கொட்டாதீர்கள்.

கடலை மாவில் புரதம் நிறைய இருப்பதால் நன்றாகக் கட்டும், நன்றாகச் சிவக்கும். பச்சை வாடைதான் தொல்லை. அடி கனமான வாணலியில் குறைந்த தீயில் மணம் வரும்வரை வறுத்து ஆறவிட்டால் அது போய்விடும். நான்கட்டாய் பிஸ்கட்டில் மைதாவோடு கடலை மாவும் ரவையும் சேர்ப்பது வெகுகாலப் பழக்கம். மாற்று மாவுக்கு முதல் பாடமாக அதையே செய்து பார்க்கலாம். மற்றப் பண்டங்களில் கால் பங்குக்கு மேல் போனால் பஜ்ஜி நினைவுதான் வரும்.

பாதாம் மாவில் பாதிக்குப் பாதி கொழுப்பு. அதைக் கடையில் வாங்கினால் விலை கையைக் கடிக்கும், வீட்டிலேயே அரைக்கலாம். ஊற வைத்துத் தோலுரித்த பாதாமை ஈரமே இல்லாமல் காய வைத்து, செய்முறையில் உள்ள சர்க்கரையில் 2 கரண்டி சேர்த்து, மிக்சியை விட்டு விட்டு ஓட்ட வேண்டும். தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் கக்கிக் கட்டியாகிவிடும். அதே எடைக்கு முந்திரியும் போடலாம். பண்ருட்டிப் பக்கம் உள்ளவர்களுக்கு உடைத்த முந்திரி இன்னும் மலிவாகக் கிடைக்கும். இவற்றை மைதாவில் கால் பங்குக்குப் பதிலாகப் போட்டால் கேக் ஈரப்பதத்தோடு நாட்கணக்கில் மிருதுவாக இருக்கும். முழுவதும் மாற்றுவதானால் பாதாமுக்கென்றே எழுதிய செய்முறையைத் தேடுங்கள்.

தேங்காய் மாவு புதியவர்களுக்கு வேண்டாம் என்பது என் கருத்து. பால் பிழிந்த சக்கையை உலர்த்தி அரைப்பது அது; கடையில் பொட்டலமாகக் கிடைக்கும் உலர் தேங்காய்த் துருவல் வேறு. ஒரு கப் மைதாவின் இடத்துக்குக் கால் கப்பே போதும் என்ற அளவுக்கு அது ஈரத்தை இழுக்கும், கூடவே முட்டையும் அதிகம் கேட்கும். ஓட்ஸை வீட்டு மிக்சியிலேயே பொடித்துக்கொள்ளலாம். மசாலா சேர்க்காத வெறும் ஓட்ஸாக இருக்க வேண்டும்.

ஆறாம் படி: கப்பை விட்டுத் தராசுக்கு வாருங்கள்

240 மில்லிலிட்டர் கப்பில் மைதா சுமார் 120 முதல் 125 கிராம் பிடிக்கும். அதே கப்பில் அரிசி மாவு ஏறத்தாழ 155 கிராமும், பாதாம் மாவு 100 கிராமுக்குச் சற்றுக் குறைவாகவும் பிடிக்கும். கப்புக்குக் கப் மாற்றுகிறவருக்குத் தெரியாமலேயே மாவு கூடிவிடுகிறது அல்லது குறைந்துவிடுகிறது. கிராமுக்குக் கிராம் மாற்றினால் இந்தப் பிழை வராது. அச்சு வாங்கும் பணத்தில் முதலில் ஒரு சிறிய சமையலறைத் தராசை வாங்கிவிடுங்கள். அச்சுக்குப் பதில் வீட்டில் இருக்கும் குக்கர் பாத்திரம் போதும்.

முதல் முறை கால் பங்கு மட்டும் மாற்றுங்கள். 120 கிராம் மைதா என்றால் 90 கிராம் மைதா, 30 கிராம் புதிய மாவு. அது சரியாக வந்த பிறகு பாதிக்குப் பாதி போகலாம்.

ஏழாம் படி: கோதுமையே கூடாது என்றால்

ஒரே மாவை நம்பாமல் கலவை மாவு தயாரித்து வைத்துக்கொள்ள வேண்டும். வெள்ளைச் சோள மாவு 100 கிராம், நைசான பச்சரிசி மாவு 100 கிராம், ஸ்டார்ச் 100 கிராம் என்பது கேக்குக்கும் மஃபினுக்கும் நல்ல தொடக்கம். ஸ்டார்ச்சாகக் கார்ன் ஃபிளவரையோ மரவள்ளிக் கிழங்கு மாவையோ எடுத்துக்கொள்ளலாம். பின்னது கிடைக்காத ஊரில், சேலத்து ஜவ்வரிசியை மிக்சியில் பொடித்து மிக மெல்லிய சல்லடையில் சலித்துச் சமாளிக்கலாம்.

இந்தக் கலவையைக் கட்டி நிறுத்த ஒட்டும் பொருள் வேண்டும். பேக்கிங் பொருள் கடைகளில் சாந்தன் கம் கிடைக்கும். கேக்குக்கு 120 கிராம் மாவுக்குக் கால் தேக்கரண்டியே போதும், கூடினால் ரப்பராகிவிடும். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் இசப்கோல் உமியும் இதே வேலையைச் செய்யும். ஆரஞ்சு மணமும் சர்க்கரையும் சேர்த்த வகை வராமல் பார்த்து வாங்கி, அதே அளவு மாவுக்கு ஒரு தேக்கரண்டியைத் திரவத்தில் தூவிக் கலக்கிச் சில நிமிடம் விட்டுப் பிறகு சேர்க்க வேண்டும். ஒரு முட்டைக்குப் பதிலாக, பொடித்த ஆளி விதை ஒரு மேசைக்கரண்டியை 3 மேசைக்கரண்டி தண்ணீரில் ஊற வைத்துச் சேர்க்கலாம். ஆளி விதைக்குப் பதில் சியா விதை என்று கேட்டால் சில கடைகளில் சப்ஜாவை எடுத்துத் தருவார்கள். சப்ஜா ஃபலூடாவுக்கு ஆகும், இதற்கு வேண்டாம்.

குளூட்டன் இல்லாத கலவை வழக்கத்தைவிடத் தளர்வாக, ஊத்தப்ப மாவு பதத்தில் இருக்கும். பயந்து மாவைக் கூட்டாதீர்கள். ஓவனில் வைப்பதற்கு முன் ஒரு கால் மணி நேரம் ஊறவிடுங்கள். வழக்கமாக 180 டிகிரி செல்சியஸ் என்றால் இதற்கு 170 வைத்து, ஐந்து பத்து நிமிடம் கூடுதலாக வேக விடலாம். கேழ்வரகு கேக்கின் நிறத்தைப் பார்த்து வெந்ததா என்று சொல்ல முடியாது. நடுவில் குச்சியைச் செருகித்தான் பார்க்க வேண்டும். சூடாக இருக்கும்போது அச்சிலிருந்து கவிழ்த்தால் உடைந்துவிடும் என்பதால் கைபொறுக்கும் சூட்டுக்கு வரும்வரை அப்படியே விட்டுவிடுங்கள்.

எட்டாம் படி: மீந்த மாவு

மாற்று மாவை முதலில் 250 கிராமுக்கு மேல் வாங்க வேண்டாம். தவிடு, முளை எல்லாம் சேர்ந்து அரைபட்ட மாவு மைதாவைப்போல் மாதக்கணக்கில் அலமாரியில் தாங்காது. நம் ஊர் வெயிலில் வண்டும் சீக்கிரம் வரும். கேழ்வரகு, சோளம், தினை, ஆட்டா ஆகியவற்றைக் காற்றுப் புகாத டப்பாவில், வாங்கிய தேதியை எழுதி ஃப்ரிட்ஜில் வையுங்கள். கம்பு மாவையும் பாதாம் மாவையும் ஃப்ரீசரில் வைக்கலாம். ஃப்ரீசரிலிருந்து எடுத்த டப்பாவை உடனே திறந்தால் மாவின்மேல் ஈரம் கோத்துக்கொள்ளும். மூடியபடியே வெளியே வைத்து, அறையின் சூட்டுக்கு வந்த பிறகு திறந்து அளந்துகொள்ளுங்கள்.